பதினோராவது தூம்பு

ட்ரோண்ட்ஹைம்

அம்மாவுக்கு,

1966 ஜூன் 14, செவ்வாய், காலை 9 மணி 40 நிமிடம். பேராலயத்தின் வடக்குப் பக்கச் சாரத்தில் 96 படி ஏறினேன். கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் வெளியேற வரிசையாகக் கல் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வாய்தான் தூம்பு. மொத்தம் பதினான்கு. பதினோராவது தலை நீ.

உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். நான் நன்றாக இருக்கிறேன், இரண்டாவது ஜெனரேட்டர் நன்றாக இல்லை.

எனக்குக் கோயில் பார்க்கும் ஆசை கிடையாது, உனக்குத் தெரியும். இந்தக் கப்பலில் மூன்றாவது எஞ்சினியராகச் சேர்ந்து நாலு வருஷம். பதினோரு நாளைக்கு ஒரு சுற்று. வடக்கே போகும்போதும் தெற்கே திரும்பும்போதும் ட்ரோண்ட்ஹைமில் மூன்று மணி நேரம் நிற்கிறோம். பயணிகள் எல்லாம் பேராலயத்துக்கு ஓடுவார்கள், நான் எஞ்சினுக்கு அடியில் படுத்திருப்பேன். இன்று கடையில் கேஸ்கட் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்தேன். மேலே கல் தூக்கும் வின்ச் கத்திக்கொண்டிருந்தது. பேரிங் போன சத்தம். அதைக் கேட்டுவிட்டுச் சும்மா நடக்க என்னால் முடியாது. ஏறிவிட்டேன்.

"ஏய், பயணிங்க மேல வரக்கூடாது!" என்றார் ஒரு கிழவர். சிற்பி, பெயர் எம்ப்ரிக்.

"பயணி இல்ல, எஞ்சினியர். உங்க மோட்டார் சாகப்போகுது."

"அது ஆறு வருஷமா சாகுது. நீ யாரு, பாதிரியாரா?"

பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் போட்டுவிட்டுத் திரும்பினால், என் முகத்துக்கு நேரே உன் முகம். முன்பல் இரண்டுக்கும் நடுவே அதே சந்து. வலது புருவத்தில் அதே வெட்டு. ஒரு காது மழையில் கரைந்துவிட்டது. ஆனால் அந்தத் தலை வாயைப் பிளந்து, கண் இடுங்கச் சிரிக்கிறது. உனக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமாக உன் பிள்ளையாக இருக்கிறேன்.

நல்ல மழையில் உன் வாயிலிருந்து நிமிடத்துக்கு நாற்பது லிட்டராவது கொட்டும். விளக்கம் எழுது.

டூர்மோட்

•

வார்ட்ஹோல்மன் தீவு, ஜூன் 25

டூர்மோட்,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பத்து நாளாக மழை, கம்பியில் போட்ட புல் காயவில்லை. சிவப்புப் பசு கன்று போட்டது. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பிரார்த்தனைக் கூடத்துக்கு இந்த வாரம் புதுக்கூரை போடுகிறார்கள், அவர்தான் நின்று பார்க்கிறார்.

உன் கடிதத்தை வழக்கம்போல அப்பாதான் சாப்பாட்டு மேஜையில் பிரித்து உரக்கப் படித்தார். முதல் பத்தி முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். மீதியை நான் தனியாகப் படித்து அடுப்பில் போட்டேன்.

நீ பார்த்த கல் நான் இல்லை. பல்லில் சந்து உள்ள பெண்கள் இந்தக் கரையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாரம் வழுக்கும், இனி ஏறாதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புகிறேன்.

எந்தக் காது போய்விட்டது என்று நீ எழுதவில்லை.

அம்மா

•

ட்ரோண்ட்ஹைம், ஜூலை 6

அம்மாவுக்கு,

இடது காது.

காலுறை வந்தது, அளவு சரி. இத்துடன் ஒரு போட்டோ. ஸ்கேல் வைத்து எடுத்திருக்கிறேன். கல்லில் பல் சந்து ஏழு மில்லிமீட்டர். தலையே நிஜத்தைவிட ஒன்றே முக்கால் மடங்கு. வகுத்துப் பார், நாலு வரும். உனக்கும் நாலுதான் இருக்கும். ஆயிரம் பெண்களைப் பற்றி இனிமேல் எழுதாதே.

எம்ப்ரிக்கிடம் கேட்டேன். இங்கே பழக்கம் அதுதானாம்: சிற்பிகள் தெரிந்தவர் முகத்தைத்தான் செதுக்குவார்கள். பேக்கரிக்காரன், தபால்காரன், வீட்டு வேலைக்காரி. ஒன்பதாவது தலை ஒரு பழைய மேயராம், அவருக்கே தெரியாமல். 1930-ல் உன் தலையைச் செதுக்கினவர் செத்து இருபது வருஷம் ஆகிறது. பிளாஸ்டர் அச்சும் போரில் உடைந்துபோயிற்று. மாக்கல் மென்மையானது, உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. அடுத்த குளிர்காலம் தாங்காது. இறக்கிவிட்டு அதே இடத்தில் புதிதாக ஒன்று வைக்கப்போகிறார்கள். புதுக் கல் செப்டம்பர் நடுவில் எம்ப்ரிக்கின் மேஜைக்கு வருகிறது.

"அதே முகத்த எப்படிச் செய்வீங்க? பாதிதான மிச்சம் இருக்கு?" என்றேன்.

"ஆள் உயிரோட இருந்தா கூட்டிட்டு வா, உக்கார வெச்சு செய்றேன். இல்லைன்னா என் மச்சான் மூஞ்சிதான். அவன் வாயும் எப்பவும் திறந்தேதான் இருக்கும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மச்சானின் போட்டோ ஏற்கெனவே சுவரில் குத்தியிருக்கிறது. பன்றி மாதிரி இருக்கிறான்.

கப்பல் ஊழியர் குடும்பத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. நீ வர வேண்டும். எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.

டூர்மோட்

•

வார்ட்ஹோல்மன், ஜூலை 15

மகனுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருப்பதாக. இங்கே யாருக்கும் நோய் இல்லை.

போட்டோவைப் பார்த்தேன். உன் தாய் எங்கும் வரமாட்டாள். என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து ஜெபிக்கிற முகம், ஊரார் தலையில் தண்ணீர் துப்பிக்கொண்டு பல்லிளித்து நிற்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கல் தானாக விழப்போகிறது என்றால் அது நல்லதற்கே.

படகு எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்பும் புளோ லாம்பை எடுத்துப் பூட்டி வைத்திருக்கிறேன். இதுபற்றி மேற்கொண்டு எழுத வேண்டாம்.

எட்வார்ட் வார்ட்ஹோல்மன்
பிரார்த்தனைக் கூடத் தலைவர்

•

ட்ரோண்ட்ஹைம், ஜூலை 25

அப்பாவுக்கு,

சுகம்தான். பெற்ற பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் பதவியைப் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் நானும் மூன்றாவது எஞ்சினியர் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

தலையைச் சூடாக்கித்தான் கிளப்ப முடியும் என்கிற எஞ்சினை வைத்துக்கொண்டு, சூடாக்கும் விளக்கை ஒளித்துவைப்பது பூட்டு போடுவது ஆகாது. எனக்கு நாலு வழி தெரியும்.

அந்தத் தலை பல்லிளிக்கவில்லை. சிரிக்கிறது. துப்பவும் இல்லை. கூரைத் தண்ணீர் சுவரில் இறங்கினால் சுவர் ஊறி, உறைந்து, பிளக்கும். அதைத் தள்ளிவிடத்தான் தூம்பு. முப்பத்தாறு வருஷமாக அந்தக் கோயில் சுவரை அம்மா காப்பாற்றியிருக்கிறாள். உங்கள் கூடத்துக்கு இப்போதுதான் கூரை மாற்றுகிறீர்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. போட்டோவைப் பார்த்ததும் இது யார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. எந்தக் காலத்தில், எப்படி என்றும் கேட்கவில்லை. ஏன்?

டூர்மோட்

•

வார்ட்ஹோல்மன், ஆகஸ்ட் 21

டூர்மோட்,

நான் சுகம். பதில் எழுத நாளாகிவிட்டது. புல்வேலை இருந்தது. அதனால்தான் எழுதவில்லை என்று சொல்ல வரவில்லை.

இதைத் தபால் படகில் போடவில்லை. கடைக்கார ஓல்காவிடம் கொடுத்து அவள் உறையில் அனுப்புகிறேன். "எட்வார்டுக்குத் தெரியாம காதல் கடிதமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ட்ரோண்ட்ஹைமில் ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் வேலை. எதிர்வீட்டில் சிற்பி இருந்தார். வாயைத் திறந்தபடி உட்கார ஒரு பெண் வேண்டும் என்றார், மருந்துக்கடை அம்மா என்னை அனுப்பினாள். வாயைத் திறந்தேன். பல் பிடுங்கப்போகிறவள் மாதிரி இருக்கிறாய் என்றார். மூன்று நாள் உட்கார்ந்தேன், அவருக்குப் பிடிக்கவில்லை.

நாலாம் நாள், படகில் மாக்கல் ஏற்றிவந்த ஒரு பையன் பட்டறைக்குக் கல் சுமந்து வந்தான். என்னைப் பார்த்தான். கல்லைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல், பிஷப் மாதிரி நடந்தான். பிறகு பிஷப்பின் குதிரை மாதிரி. பிறகு அந்தக் குதிரை பிஷப்பைத் தள்ளிவிட்டுக் கோயிலுக்குள் போவது மாதிரி. நான் நாற்காலியிலிருந்து விழுந்தேன். புருவ வெட்டு அதில் வந்தது. சிற்பி கத்தினார்: "அவன விடாதீங்க! கதவச் சாத்துங்க!" வாரம் முழுக்க அவனுக்குச் சாப்பாடு போட்டு அங்கேயே வைத்திருந்தார்.

அந்தப் பையன் உன் அப்பா.

நீ பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்னால் அவருடைய தம்பி லுட்விக் கடலில் மூழ்கிப் போனான். படகில் அவரும் இருந்தார். அன்று காலை அவர் ஏதோ வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார், லுட்விக் சிரித்துக்கொண்டே கயிற்றை விட்டான். இதை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதற்குப் பிறகு கூடத்துக்குப் போக ஆரம்பித்தார். வீட்டில் சிரிக்கக்கூடாது என்று அவர் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. வருஷங்கள் போய்விட்டன.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தால் அது பொய்யாக இருக்கிறது.

நான் வருகிறேன். அவர் இல்லாமல் எனக்குச் சிரிப்பு வராது என்று இந்த வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தால், பார்ப்போம்.

அம்மா

•

ட்ரோண்ட்ஹைம், ஆகஸ்ட் 27

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை எஞ்சின் அறையில் மூன்று முறை படித்தேன். இரண்டாவது எஞ்சினியர் "யாராவது செத்துட்டாங்களா?" என்றார். முப்பத்திரண்டு வருஷம் முன்னால் என்றேன். லுட்விக் சித்தப்பா என்று ஒருவர் இருந்ததே எனக்கு இப்போதுதான் தெரியும். அதைப்பற்றி நேரில் பேசலாம், எழுத்தில் எனக்கு வராது.

இத்துடன் ஒரு பார்சல். புதுப் புளோ லாம்ப், ஓல்கா கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். எஞ்சின் கிளப்பும் முறை ஆறு குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன், வரிசை மாறாமல் செய்.

செப்டம்பர் 6, செவ்வாய், பகல் ஒன்றரை மணிக்குத் தெற்கே போகும் எங்கள் கப்பல் சான்னெஸ்ஷோயன் துறையில் இருக்கும். அரை மணி நேரம்தான். கப்பல் யாருக்காகவும் நிற்காது, எஞ்சினியரின் அம்மாவுக்கும் நிற்காது. தீவிலிருந்து படகில் இரண்டு மணி நேரம் என்று கணக்கு வை. காற்று இருந்தால் மூன்று. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொள், கப்பல் சாப்பாடு மட்டம்.

டூர்மோட்

•

வார்ட்ஹோல்மன், செப்டம்பர் 2

டூர்மோட்,

சுகம். காற்று தென்மேற்கு.

விளக்கு வந்தது. நீ குழந்தையாக இருந்தபோது உன் அப்பா குளிர்கால மீன்பிடிக்கு வடக்கே போய்விடுவார். அந்த மூன்று மாதமும் இந்தத் தீவில் அந்த எஞ்சினைக் கிளப்பினது யார் என்று நினைக்கிறாய்? உன் ஆறு குறிப்பில் நாலாவது தப்பு. அப்படிச் செய்தால் சக்கரம் பின்னால் அடித்துக் கை உடையும். உன்னை எஞ்சினியர் என்று யார் சொன்னார்கள்?

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மேஜையில், ஜெபம் முடிந்ததும், உரக்க. அவர் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை முழுக்கத் தின்று முடித்தார். பிறகு வெளியே போனார்.

ஒன்றரை மணிக்கு இருப்பேன்.

அம்மா

•

ட்ரோண்ட்ஹைம், செப்டம்பர் 14

எஞ்சினியர் தம்பிக்கு,

வின்ச் ஓடுகிறது, நானும் ஓடுகிறேன். நீ வடக்கே டிரோம்ஸோ துறைக்கு வரும்போது இது உனக்காகக் காத்திருக்கும் என்று நினைக்கிறேன். எழுதிப் பழக்கமில்லாதவன், பொறுத்துக்கொள்.

பத்தாம் தேதி நீ வந்து பார்த்தபோது உன் அம்மா எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று ஞாபகம் இருக்கிறதா? வரி கட்ட வந்தவள் மாதிரி. நீ போனபிறகும் அதே கதைதான். வாயைத் திறப்பாள், மூடுவாள். நானும் தெரிந்த வேடிக்கை எல்லாம் சொன்னேன். "இதெல்லாம் உங்க வீட்ல சிரிப்பாங்களா?" என்றாள். எனக்கே வெட்கமாகிவிட்டது. மச்சான் போட்டோவைத் திரும்பக் குத்தினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்றாள்.

நேற்று பதினொரு மணிக்கு என் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. உன் அப்பா எழுதியிருந்தார். முத்திரை எல்லாம் குத்தி. வேலையாக இருந்த கையோடு பிரித்து, யோசிக்காமல் உரக்கப் படித்துவிட்டேன். "வீடு, கொட்டகை, மனைவியின் முகம், படகு ஆகியவை என் பொறுப்பில் உள்ளவை. இவற்றுள் எதனையும் என் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது."

உன் அம்மா கேட்டாள்: "முகம் எங்க வருதுன்னு சொன்னீங்க?"

"கொட்டகைக்கு அப்புறம்மா."

"படகுக்கு?"

"படகுக்கு முன்னாடி."

"படகுக்கு முன்னாடியா!" என்றாள். "அடேயப்பா. பதவி ஒசந்துடுச்சே எனக்கு!"

அவ்வளவுதான். தம்பி, ஐம்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. கல் உடைக்கிற பையன்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். "ஆடாதீங்க!" என்று கத்தினேன். "ஆடாம சிரிக்க நான் என்ன கல்லா?" என்று கேட்டு மறுபடி சிரித்தாள். களிமண்ணை வாரி வாரி அப்பினேன். கால் மணி நேரம் நிற்கவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தைச் சிரிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அதை நான் களிமண்ணில் எடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

களிமண் முடிந்தது. பிளாஸ்டர் ஊற்றியாயிற்று. இனி கல்தான் பாக்கி.

எம்ப்ரிக்

•

ட்ரோண்ட்ஹைம், செப்டம்பர் 15

டூர்மோட்,

நான் சுகம். அறை சின்னதுதான், ஜன்னல் பெரியது. எம்ப்ரிக் ஏதாவது எழுதியிருப்பார். அவர் எதையும் கூட்டிச் சொல்கிற ஆள்.

பட்டறைச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு சமையல்காரி நின்றுவிட்டாள். நவம்பர் வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முப்பது ஆண்கள், எல்லோரும் பசித்தவர்கள். மீன் உருண்டையில் ஜாதிக்காய் போடத் தெரியாத ஊர் இது.

பழைய தலையைத் திங்கட்கிழமை இறக்குகிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்க்க விடுகிறோம் என்றார்கள். கண் கலங்குமா என்று ஒரு பையன் கேட்டான். தெரியாது, அதன் வாயில் ஏதாவது குருவி கூடு கட்டியிருந்தால் எடுத்துக் கொடுங்கள் என்றேன்.

உன் அப்பாவுக்கு நான் எழுதவில்லை. சிவப்புப் பசுவுக்கு மடி கட்டிக்கொள்ளும், அதை மட்டும் ஓல்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மா

•

ட்ரோண்ட்ஹைம், செப்டம்பர் 18, ஞாயிறு

அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்று பகல் ஒன்றரைக்கு சான்னெஸ்ஷோயன் துறையில் உங்கள் படகைப் பார்த்தேன். அம்மா கட்டிவிட்டுப் போன இடத்தில் அது இல்லை. வேறு முடிச்சு. யாரோ ஒருவர் துடுப்புப் போட்டு வந்து, அதை எடுத்துக்கொண்டு போய், மறுபடி வந்திருக்கிறார். நீங்கள் மீன் கிடங்குக்குப் பின்னால் நின்றீர்கள். கையில் தொப்பி. நான் மேல்தளத்திலிருந்து கையசைத்தேன். நீங்கள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தீர்கள்.

எம்ப்ரிக்குக்கு நீங்கள் எழுதின கடிதத்தால் என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவின் முகத்தை நிறுத்தத்தான் எழுதினீர்கள். அதைக் கேட்டுத்தான் அவள் சிரித்தாள். அது இல்லாவிட்டால் பதினோராவது இடத்தில் எம்ப்ரிக்கின் மச்சான் இருந்திருப்பான். இதில் கேலி இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

லுட்விக் சித்தப்பாவைப் பற்றி எனக்குத் தெரியும். ஈரக் கயிறு, குளிரில் மரத்த கை, பக்கவாட்டு அலை. எஞ்சினியராகச் சொல்கிறேன்: கயிறு கைவிட்டுப் போக இது மூன்றும் போதும். நான்காவது காரணம் தேவைப்படவே இல்லை. முப்பத்திரண்டு வருஷமாக அதை நீங்கள் தனியாகச் சுமந்தீர்கள் என்றால் அது உங்கள் முடிவு. அம்மாவையும் சேர்த்துச் சுமக்கவைத்தது சரியில்லை. இதைச் சொல்ல எனக்கு வயது போதாது என்பீர்கள். எனக்கு இருபத்தாறு. உங்கள் இருபத்தாறாவது வயதில் நீங்கள் படகுக்கே தலைவர்.

நான் இனி செய்யப்போவது:

1. செப்டம்பர் 28, புதன், பகல் ஒன்றரை மணிக்கு சான்னெஸ்ஷோயன் துறையில் ஏணிப்படிக்குக் கீழே நிற்பேன். மேல்தளத்தில் அல்ல, கீழே. அரை மணி நேரமும் நிற்பேன்.

2. நீங்கள் வந்தால் பையை வாங்கிக்கொள்வேன், உங்களை எதுவும் கேட்க மாட்டேன். என் படுக்கையை உங்களுக்குக் கொடுத்துவிட்டு எஞ்சின் அறையில் படுப்பேன்.

3. வராவிட்டால் அக்டோபர் 9-ம் தேதி மறுபடி நிற்பேன். பிறகு 20. பிறகு 31. அட்டவணை இத்துடன் வைத்திருக்கிறேன்.

4. இது எப்படிப்பட்ட குடும்பம் என்று கூடத்தில் யாராவது உங்களைக் கேட்டால், பதிலை நான் வந்து சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை, எழுந்து நின்று, அம்மா பேரைச் சொல்லி.

5. புதுத் தலையை ஏற்றும் நாளில் விடுப்பு எடுப்பேன். கப்பல் கொடுக்காவிட்டாலும் எடுப்பேன்.

6. அம்மா எப்போது வீட்டுக்கு வருவாள் என்று அவளிடம் நான் கேட்க மாட்டேன். அதை நீங்கள் போய்க் கேளுங்கள்.

டூர்மோட்